இருபத்திரண்டாம் சதுரத்துக்குப் போன வழி

இந்த வலைப்பூவில் நான் எழுதுவதெல்லாம் கோயில், குளம், நல்ல காபி கிடைக்கும் ஊர் என்றுதான் இருக்கும். போன மாதம் தாவரவியல் படிக்கும் இரண்டு மாணவிகள் கேட்டு எழுதியிருந்தார்கள். புதுக்கோட்டையிலிருந்து கடற்கரை வரைக்கும் செடிகளை எண்ணிக்கொண்டு போகப் போகிறார்களாம், வழி சொல்ல வேண்டுமாம். வழி சொல்கிறேன். ஆனால் 1963 ஆவணியில் நான் அந்த வழியில் போனது வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு போன பயணம். அதை விட்டுவிட்டு பஸ் நேரத்தை மட்டும் சொன்னால் அது பாதிப் பொய் ஆகிவிடும். பாதிப் பொய்யால் நான் பட்டது போதும்.

அப்போது புதுக்கோட்டை தனி மாவட்டம் இல்லை, திருச்சியோடு சேர்ந்திருந்தது. எனக்கு இருபத்து மூன்று வயது. வீடு புதுக்கோட்டையில், படிப்பு திருச்சியில் ஒரு கல்லூரியில். எம்.எஸ்ஸி. ஆய்வுப் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி கேட்பதற்கு எளிதாக இருக்கும். புதுக்கோட்டைக்கு மேற்கே செம்மண் பொட்டல். கிழக்கே போகப் போக மண்ணில் உப்பு ஏறும். எந்தச் செடி எந்த உப்பு வரைக்கும் தாங்கும், எங்கே பெருகும், எங்கே காணாமல் போகும் என்பதைக் கணக்கால் காட்ட வேண்டும். மேற்கே காரையும் சூரையும் ஆவாரையும், நடுவில் பனையும் கருவேலமும், கடலோரத்தில் உமரியும் அடம்பும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததை எண்ணால் நிரூபிக்கத்தான் பல்கலைக்கழகம் இருக்கிறது.

முறை இதுதான். மேற்கிலிருந்து கடல் வரை இருபத்து நான்கு சதுரங்கள், ஒவ்வொன்றும் முப்பது அடிக்கு முப்பது அடி. சதுரம் எங்கே விழ வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய மாதிரி எண்களாக நிரம்பிய அட்டவணை ஒன்று உண்டு. அதில் வரும் எண்ணை வரைபடத்தில் வைத்தால் எந்த இடம் வருகிறதோ அதுதான் இடம். பிடித்த இடத்தில் எண்ணினால் பிடித்த விடைதான் வரும் என்பார் எங்கள் புரொபஸர். அங்கே போய், நான்கு மூலையிலும் முளை அடித்து, கயிறு கட்டி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு செடியையும் எண்ண வேண்டும். கொஞ்சம் மண் எடுத்துவந்து உப்பு பார்க்க வேண்டும். பிறகு அடியில் கடலிலிருந்து தூரமும் பக்கத்தில் செடியின் எண்ணிக்கையும் வைத்துப் படம் வரைந்தால், ஒவ்வொரு இனமும் ஒரு குன்று மாதிரி ஏறி இறங்கும். கூட்டல் பெருக்கலுக்கு எங்கள் துறையில் கைப்பிடி சுற்றும் யந்திரம் ஒன்று இருந்தது. அதைச் சுற்றிச் சுற்றி வலது தோள் இறங்கிப் போனது எனக்கு.

மார்கழியில் இருபத்தொரு சதுரம் முடித்துவிட்டு இருபத்திரண்டுக்குப் போனேன். துணைக்கு வந்த கல்லூரி ஆள் காய்ச்சல் என்று மீமிசலிலேயே படுத்துவிட்டார். புள்ளி விழுந்த இடத்தில் ஆள் உயரச் சுவர் ஒன்று இருந்தது. வாசல் வழியாகப் பார்த்தால் உள்ளே தலைமாட்டு அடையாளமாக மீசான் கற்கள் நட்டிருந்தன. அந்தக் கடலோர ஊர் முஸ்லிம்களின் மையவாடி, அதாவது அடக்கம் செய்யும் இடம். பெண்கள் உள்ளே வருகிற வழக்கம் இல்லை என்று வாசலில் நின்ற ஒருவர் மரியாதையாகச் சொன்னார். சுவருக்கு வெளியே ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அதுவரை தப்பு ஒன்றும் இல்லை. போய் புரொபஸரிடம், "சார், இருபத்திரண்டு கிடைக்கவில்லை" என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் முந்தின வருஷம் ஒரு மாணவன் முள் இருக்கிறது என்று சதுரத்தைப் பத்தடி தள்ளிப் போட்டதற்கு அவனை வராந்தாவில் நிற்கவைத்து அவர் கத்தியது எனக்கு ஞாபகம் இருந்தது. பயந்தேன். பயத்துக்கு மருந்து மாதிரி ஒரு யோசனை வந்தது. இருபத்தொன்றில் உமரி முப்பத்தொன்று, பிறகு எண்ணிய இருபத்து மூன்றில் நாற்பத்தைந்து. கூட்டி இரண்டால் வகுத்தால் முப்பத்தெட்டு. அடம்பு ஆறும் பத்தும், நடுவில் எட்டு. இப்படியே ஐந்து இனத்துக்கும் எழுதிவிட்டேன். பயிர்ச் சோதனைகளில் விட்டுப்போன பாத்திக்குக் கணக்குப் போட்டு நிரப்பலாம் என்று புத்தகத்திலேயே இருக்கிறது. நிரப்பியதைச் சொல்லிவிட வேண்டும் என்றும் அடுத்த வரியில் இருக்கிறது. நான் முதல் வரியோடு புத்தகத்தை மூடிவிட்டேன்.

ஆய்வேட்டை மூன்று பிரதி தட்டச்சு செய்து கொடுத்தாகிவிட்டது. பட்டம் வந்தால் அதே கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை என்று பேச்சு. ஆவணியில் ஒரு புதன்கிழமை புரொபஸர் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் கொடுத்தார். சென்னையிலிருந்து வெளித் தேர்வாளர் எழுதியிருந்தார். இருபத்திரண்டாம் சதுரத்தில் ஐந்து இனங்களும் இரண்டு பக்கத்துச் சதுரங்களுக்கும் மிகச் சரியாகப் பாதியில் இருப்பது வியப்பாக இருக்கிறது, சனிக்கிழமை வருகிறேன், அந்தச் சதுரத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று இருந்தது. புரொபஸர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். "பாத்தியா, எவ்வளவு அழகா விழுந்திருக்குன்னு அவருக்கே ஆச்சரியம்" என்றார். இயற்கை ஒரு நாளும் இப்படி இரண்டால் வகுத்துக்கொண்டு நிற்காது என்பது தேர்வாளருக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்சம் கோணலாகப் பொய் சொல்லக்கூட எனக்குச் சாமர்த்தியம் இல்லை.

வியாழக்கிழமை போய் உண்மையாகவே எண்ணிவிடுவது என்று முடிவு செய்தேன். உமரி முப்பதோ நாற்பதோ வந்தால் பிழைத்தேன். வயல் நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்து வேறு பக்கம் எழுதிவிட்டு, ஆய்வேட்டில் இருப்பது தட்டச்சுப் பிழை என்று சொல்லிவிடலாம். ஒரு பொய்யை மறைக்க இன்னொன்று. அன்றைக்கு அது எனக்குத் திட்டமாகத்தான் தெரிந்தது.

புதுக்கோட்டையில் காலை ஐந்து நாற்பதுக்கு அறந்தாங்கி பஸ். இருபது மைல், எழுபது நயா பைசா. வீட்டில் கல்லூரிக்கு என்று சொல்லியிருந்தேன். ஏறி உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் முன் சீட்டிலிருந்து அப்பாவோடு தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தவர் திரும்பினார்.

"என்னம்மா, காலேஜு அங்கிட்டுல்ல இருக்கு? நீ இங்கிட்டுப் போறே?"

"செடி எண்ணப் போறேன் மாமா."

"தனியாவா? அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமா" என்றேன். அன்றைக்கு இன்னும் விடியவே இல்லை, அதற்குள் ஒரு பொய். அவர் அறந்தாங்கி வரைக்கும் தன் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் வழியாக மைல் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கல்லிலும் எண் ஒன்று குறைந்துகொண்டே வந்தது.

ஏழு மணிக்கு அறந்தாங்கி. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இட்லி நன்றாக இருந்தது என்று எழுத ஆசைதான். நான் இரண்டில் ஒன்றை விழுங்க முடியாமல் வைத்துவிட்டேன். ஏழு முப்பத்தைந்துக்கு மீமிசல் பஸ். எட்டே காலுக்கு ஆவுடையார்கோவில், ஒன்பது மைல். அங்கிருந்து பதினாலு மைல் மீமிசலுக்கு. அந்தப் பாதையில் கண்மாய்க் கரையும் பனையுமாக மாறி மாறி வரும். நீங்கள் போனால் இடது பக்கம் உட்காருங்கள். பனை எங்கே குறைகிறது, தரை எங்கே வெளுக்கிறது என்று பஸ்ஸில் இருந்தபடியே பார்க்கலாம். புத்தகத்தில் நூறு பக்கம் படிப்பதை அந்தப் பதினாலு மைல் சொல்லிக்கொடுக்கும். நான் அதற்கு முன் ஆறு தடவை அதை ரசித்திருக்கிறேன். அன்றைக்கு வெளுத்த தரையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒன்பதரைக்கு மீமிசல். அங்கிருந்து நாலு மைல் மாட்டு வண்டி, போக வர இரண்டு ரூபாய் கேட்டார் வண்டிக்காரர், ஒன்றே முக்காலுக்கு ஒப்புக்கொண்டார். கடைசி பஸ் நாலே காலுக்கு என்பதால் இரண்டு மணிக்குள் திரும்ப வேண்டும் என்று சொல்லி வைத்தேன். ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அங்கே ஆட்கள் அடக்கமாகியிருக்கிறார்கள், அது வேடிக்கை பார்க்கும் இடம் இல்லை.

"மையவாடிப் பக்கமா?" என்றார் வண்டிக்காரர். "சொந்தக்காரவுக யாரும் தவறிட்டாங்களாம்மா?"

"இல்லங்க. செடி பாக்கணும்."

"உப்பு மண்ணுல என்ன செடி? உமரியத் தவிர ஒண்ணும் நிக்காது."

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உயிர் வந்தது. உமரிதான், உமரிதான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டேன். சாமி கும்பிடும்போதுகூட நான் அப்படி உருகியதில்லை.

மையவாடி வாசலில் குழி வெட்டுகிறவர் இருந்தார். காதர் பாய் என்று பெயர். ஐம்பது வயது இருக்கும், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டிக்குப் புதுக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். பட்டத்துக்காக ஓர் இடத்தில் செடி எண்ண வேண்டும், அந்த இடம் உள்ளே விழுந்திருக்கிறது, நான் உள்ளே வர மாட்டேன், நீங்கள் எண்ணிச் சொன்னால் போதும் என்றேன். ஏற்கெனவே எழுதிவிட்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவர் காம்பைக் கீழே வைத்தார். "எண்ணுறதுல என்ன இருக்கு தங்கச்சி. ஆனா முளைகிளை அடிக்கக் கூடாது. கயித்தைச் சும்மா தரையில போட்டுக்கிறேன்" என்றார்.

வரைபடத்தில் புள்ளி இருந்தபடி கிழக்கு மூலையிலிருந்து சுவரை ஒட்டி எண்பது அடி அளந்தேன். அங்கே வெளியே நான், உள்ளே அவர். அளவு நாடாவைச் சுவருக்கு மேலே கொடுத்தேன், அவர் நாற்பது அடி உள்ளே இழுத்துக்கொண்டு போனார். நான்கு மூலையிலும் மண்ணைக் குவித்து, கயிற்றைப் போட்டுவிட்டதாகச் சத்தம் கொடுத்தார். நான் சுவர் நிழலில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். பென்சில் வியர்வையில் வழுக்கியது. நான் வகுத்து எழுதிய பக்கம் எதிரிலேயே இருந்தது, உமரி முப்பத்தெட்டு என்று.

"முதல்ல உமரி சொல்லுங்க பாய்" என்று கத்தினேன்.

உள்ளே காலடிச் சத்தம் அங்கும் இங்கும் போனது. காக்கை ஒன்று சுவரில் வந்து உட்கார்ந்து என்னையே பார்த்தது.

"உமரியா? இங்க ஏது தங்கச்சி உமரி? ஒண்ணுகூட இல்ல."

"நல்லாப் பாருங்க பாய். குட்டை குட்டையா, சதையா இருக்குமே."

"உமரி எனக்குத் தெரியாதா? சுவத்துக்கு வெளிய பூராம் அதுதானே. உள்ள இல்ல. மருதாணி இருக்கு. ஒண்ணு, ரெண்டு... நாலு. திருநீத்துப்பச்சை ஏழு. ஒரு வேப்பங்கன்னு. அருகம்புல்லு கெடக்கு. அவ்வளவுதான்."

நான் எழுதிக்கொண்டேன். எழுத்து கோழி கிறுக்கின மாதிரி ஆனது. மருதாணியாவது, கடலிலிருந்து ஒன்றரை மைலிலாவது! உப்பில் ஒரு வாரம்கூட நிற்காது. வண்டிக்காரர் சொன்னதுதான் நியாயம், என் வகுத்தல்கூட நியாயம், இது மட்டும் நியாயமே இல்லை. காதர் பாய் விளையாடுகிறாரோ என்றுகூட நினைத்தேன்.

"எப்படி பாய் வளருது?"

அவர் வாசல் வழியாக வெளியே வந்து கையைத் தட்டிக்கொண்டே சொன்னார். "நாங்க குழியை மூடி மேடு போடுறது ஆத்து மணல்தான், வண்டியில வரும். கபருல மருதாணியோ திருநீத்துப்பச்சையோ வச்சு, நாப்பது நாளு வீட்டு ஆளு வந்து நல்ல தண்ணி ஊத்துவாங்க. அதுக்கப்புறமும் சில பேரு விட மாட்டாங்க. தலைமுறை தலைமுறையா கொட்டுன மணலு. இங்க எங்க உப்பு?"

மாதிரிக்கு ஒரு கிளையாவது வேண்டும், காட்டாவிட்டால் தேர்வாளர் நம்ப மாட்டார் என்று கெஞ்சினேன். தாவரவியலில் செடியைப் பார்த்தேன் என்றால் காகிதத்தில் ஒட்டிக் காட்ட வேண்டும்.

"அது மட்டும் கேக்காதீங்க தங்கச்சி. பச்சையா நிக்கிற வரைக்கும் அது உள்ள கெடக்கிறவங்களுக்காக ஓதிக்கிட்டே இருக்கும்னு பெரியவங்க சொல்லுவாங்க. அதைப் பிடுங்க எனக்குக் கை வராது. நடைபாதை மண்ணு வேணும்னா ஒரு பிடி தாரேன்."

மண்ணை வாங்கிக்கொண்டேன். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. பட்டம் வாங்கினால் சொல்லி அனுப்புங்கள் என்றார்.

நாலே கால் பஸ்ஸைப் பிடித்தேன். எட்டு மணிக்கு வீடு. வெள்ளிக்கிழமை முழுதும் காய்ச்சல் வந்தவள் போலக் கிடந்தேன். மண்ணைக் கரைத்துப் பார்க்கக்கூடத் திருச்சிக்குப் போகவில்லை. தப்பிக்க வழி ஏதாவது இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றி யோசித்தேன். முப்பத்தெட்டு உமரியைத் தட்டச்சுப் பிழை என்று சொல்லலாம். மருதாணியை எந்தத் தட்டச்சு இயந்திரம் விழுங்கியது என்று சொல்வது?

சனிக்கிழமை கல்லூரிக் கார் வந்தது. முன்னால் புரொபஸர், பின்னால் தேர்வாளர், அவர் பக்கத்தில் நான். ஒல்லியான மனிதர், வழி நெடுக ஒவ்வொரு செடிக்கும் பெயர் கேட்டார். ஆவுடையார்கோவிலில் இறங்கி அந்தக் கல் கூரையைப் பார்த்துவிட்டு வந்தார். "கல்லுல கம்பியும் ஆணியும் செதுக்கியிருக்கான். எவ்வளவு பொறுமை!" என்று டீக்கடையில் வந்து உட்கார்ந்தபோது அவர் முகம் சின்னப் பிள்ளை மாதிரி மலர்ந்திருந்தது. இன்னும் பதினெட்டு மைல். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"சார், இருபத்திரண்டாம் சதுரத்தை நான் எண்ணவே இல்ல. ரெண்டு பக்கத்தையும் கூட்டி வகுத்துப் போட்டேன். முந்தாநாள்தான் எண்ணினேன், நானே எண்ணல, ஒருத்தர் எண்ணிச் சொன்னார். உமரி ஒண்ணுகூட இல்ல" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

புரொபஸரின் டம்ளர் பாதி வழியில் நின்றது. தேர்வாளர் டீயை மெதுவாகக் குடித்து முடித்தார். "இப்படி எத்தனை சதுரம்?" என்றார்.

"ஒண்ணுதான் சார்."

"ஒண்ணுதான்னு எனக்குச் சொல்றது யாரு?"

எனக்குப் புரிய இரண்டு நிமிஷம் ஆனது. நான்தான் சொல்கிறேன். என்னைத் தவிர சாட்சி கிடையாது. வெயிலில் முள் குத்தி நான் எண்ணிய மற்ற இருபத்து மூன்று சதுரங்களும் அந்த டீக்கடையில், அந்த ஒரு கேள்வியில் செத்துப்போயின. அதுவரை பட்ட பயமெல்லாம் பிடிபடுவோமோ என்ற பயம். உண்மையைச் சொல்லியும் நம்பப்படமாட்டேன் என்பது அதைவிடப் பெரிய பயம் என்று அப்போதுதான் தெரிந்தது.

கார் அங்கிருந்தே திரும்பியது. இறங்கும்போது தேர்வாளர்தான் சொன்னார். "எல்லாத்தையும் மறுபடியும் எண்ணுங்க அம்மா. அடுத்த வருஷம் வருவேன். எந்தச் சதுரத்தைப் பார்ப்பேன்னு சொல்ல மாட்டேன். ஒண்ணு தப்பா இருந்தாலும் பட்டம் கிடையாது."

அந்த வருஷம் வேலை வேறு ஒருவருக்குப் போனது. அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன், அவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை, நாலாம் நாள் பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்து வைத்தார். மற்ற இருபத்து மூன்று சதுரங்களையும் மறுபடி எண்ணினேன். இருபத்திரண்டுக்கு மட்டும் காதர் பாய் சொன்ன எண்களை அப்படியே வைத்தேன், அவை உண்மை என்பதால். அவர் கொடுத்த மண்ணைச் சோதித்தேன். உப்பு பத்து மைல் உள்ளே இருக்கும் மண்ணின் அளவுதான் இருந்தது. கடலிலிருந்து தூரத்தை வைத்து வரைந்தால் அந்தப் புள்ளி தனியே தறிகெட்டு நின்றது. உப்பை வைத்து வரைந்தால் சமர்த்தாக மற்றவற்றோடு போய்ச் சேர்ந்தது. தூரமும் உப்பும் ஒன்று என்று நானாக நினைத்துக்கொண்டதுதான் முதல் தப்பு. நான் கணக்கில் சேர்க்காத மனிதர்களும் அந்த மண்ணில் கை வைத்திருக்கிறார்கள்.

மறு ஆவணியில் தேர்வாளர் வந்தார். மேற்கே இரண்டு சதுரங்கள், நடுவில் ஒன்று என்று காலையில் பார்த்தார், சரியாக இருந்தன. மதியம் மையவாடி. காதர் பாயிடம் அனுமதி கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு அவர் உள்ளே போனார். நான் பழையபடி சுவருக்கு வெளியே. என் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போயிருந்தார். கயிறு போடும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல்.

"உமரி இல்லை. சரி. திருநீற்றுப்பச்சை ஏழு. சரி. வேம்பு ஒண்ணு. சரி."

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"மருதாணி அஞ்சு."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். அவர் குரல் மாறியிருந்தது. "நீங்க நாலுன்னு எழுதியிருக்கீங்க அம்மா. இங்க அஞ்சு நிக்குது."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஒரே ஒரு செடி. ஒரு வருஷ உழைப்பு, பட்டம், என் பேச்சுக்கு இனிமேல் யாராவது கொடுக்கப் போகும் மதிப்பு எல்லாம் ஒரு செடியில் போகிறது. நாலுதான் என்று கத்தலாம். கத்தி என்ன பயன்? சொல்வது நான்தானே.

அப்போது காதர் பாயின் குரல் நிதானமாகக் கேட்டது. "தங்கச்சி எழுதினப்போ நாலுதாங்க. நாந்தானே எண்ணிச் சொன்னேன். அந்த ஓரத்துல இருக்கிறது ஆனி மாசம் வச்சது. புதுக் கபரு. பாருங்க, மேடுகூட இன்னும் தணியல. கடலுக்குப் போறவரோட மக. காய்ச்சல்ல போயிருச்சு. தங்கச்சி வயசுதான் இருக்கும்."

தேர்வாளர் வெளியே வந்து, என் தாளில் நாலு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஏதோ குறித்து, கையெழுத்துப் போட்டார். தனியே நிற்கும் புள்ளியை எடுக்க வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்றார். எனக்குப் பட்டம் கிடைத்தது.

மாணவிகளுக்கு: பாதை இப்போது நன்றாக இருக்கிறது, புதுக்கோட்டையில் காலை ஆறுக்குக் கிளம்பினால் வெயில் ஏறும் முன் கடலோரம் போய்விடலாம். உப்புத் தரையில் நடக்க மூடிய செருப்பு வேண்டும், தண்ணீர் இரண்டு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசல் ஊர்களில் யாரையும் வேலை வாங்காதீர்கள். மையவாடியில் சதுரம் விழுந்தால் சுவருக்கு வெளியே நின்று கேளுங்கள், ஓர் இலைகூடப் பறிக்காதீர்கள். போக முடியாத சதுரத்துக்குப் போக முடியவில்லை என்று எழுதுங்கள். உங்கள் புரொபஸர் கத்துவார். கத்தட்டும், அது ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாதது. புதுக் கபர் என்று காதர் பாய் சொன்ன அந்தக் கணத்தில், சுவருக்கு இந்தப் பக்கம் நான் "அப்பாடா" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன பிறகுதான் எதற்காகச் சொன்னேன் என்று உறைத்தது. அன்று கடற்கரையில் இருந்த ஒவ்வொரு செடிக்கும் எனக்கு இரண்டு மொழியில் பெயர் தெரியும். அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று நான் கேட்கவே இல்லை.